வில்லிபுத்தூர், கேக்குதா?

சென்ற மாதம் ஒரு காலையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். "அண்ணே, வில்லிபுத்தூர்ல இருந்து செல்லம்மா பேசுதேன். வேதா அக்கா போயிட்டாவ. விடியுற நேரமாம். ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு" என்றார். செல்லம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்மோடு போர்டில் உட்கார்ந்தவர்தான். இப்போது பில் கவுண்டரில் இருக்கிறார். மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாம் டிரங்க் போர்டில் உட்கார்ந்து வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுத்த காலத்தில் சாவுச் செய்தி இப்படித் தனியாக வராது. மதுரை ஆபரேட்டரின் குரல் முதலில் இறங்கும். "இது அர்ஜென்ட் கால், பார்த்துக் கொடுங்க" என்பார். நாம் அந்த வீட்டு எண்ணை அடித்து, எடுத்தவர் ஆணா பெண்ணா, கூட ஆள் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் லைனைக் கொடுப்போம். இதில் வேதவல்லியை மிஞ்ச ஆள் கிடையாது. "பக்கத்துல யாராச்சும் இருக்காகளா? செத்த நேரம் உக்காந்துக்கிட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பிளக்கைச் செருகுவார். எத்தனையோ வீடுகளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவரின் சாவு எனக்கு நேராக வந்துவிட்டது, குரல் அடுத்த அறையில் இருப்பதுபோல் அவ்வளவு தெளிவாக. இந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே போய் என் மனைவியிடம், "வில்லிபுத்தூர் மௌத்தாயிட்டாங்க" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஊரு எப்படிங்க மௌத்தாகும்?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. போர்டில் நாம் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டோம். சங்கரன்கோவில், சிவகாசி, தென்காசி என்றால் நமக்கு அவை ஊர்கள் அல்ல, ஆட்கள். பத்து வருடத்துக்கு மேல் நான் அவருக்கு ராஜபாளையம்; அவர் எனக்கு வில்லிபுத்தூர். அவர் பெயர் வேதவல்லி என்பதும் என் பெயர் மைதீன் என்பதும் எங்களுக்குத் தெரிந்ததே வெகுநாள் கழித்துத்தான்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான். எந்த ஊர்க் குரல் என்று சொல்ல முடியாத குரல். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையம் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தபோது எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. சுந்தரபாண்டியத்து விவசாயி பேசினால் அவரிடம், "ஐயா, எம்புட்டு நேரம்னாலும் சரி, லைன் கெடச்சதும் நானே கூப்பிடுதேன்" என்பார். பால்கோவா கடை முதலாளிக்கு "சொல்லுங்க அண்ணாச்சி." வக்கீல் வீட்டுக்குச் செய்தி வாசிப்பதுபோல் ஒரு தமிழ். எதிரில் இருப்பவர் எப்படிப் பேசினாரோ அப்படியே இவரும் பேசினார். கேலியாக அல்ல, அவர்களுக்குத் தங்கள் ஆள் ஒருவர் லைனில் இருக்கிறார் என்ற தெம்பு வரும். எல்லாருடைய தமிழும் அவரிடம் இருந்தது. அவருடைய தமிழ் எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அது தெரியவந்தது அவருடைய அம்மா இறந்த பிறகு.

அன்றாடம் காலையில் முதல் ஷிப்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு டிரங்க் லைனையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். பக்கத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, "கேக்குதா?" என்று கேட்டு, இரண்டு பக்கமும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். விடுப்பு முடிந்து அவர் வந்த முதல் காலையில் நான் எண்ணி முடித்தேன். அவர் பக்கம் சத்தமே இல்லை. லைன் செத்துவிட்டதோ என்று மறுபடியும் கூப்பிட்டேன்.

"இருக்கேன், ராஜபாளையம். எண்ண வரமாட்டேங்குது" என்றார்.

"எதையாவது பேசுங்க. குரல் வந்தாப் போதும். வீட்ல பேசுறதப் பேசுங்க" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதுதான்.

அதற்கு ஒரு புதுக் குரல் வந்தது. அதே ஆள்தான், ஆனால் நான் அதுவரை கேட்காத பேச்சு. "ஆத்துல பேசறதுக்கு யாரு இருக்கா? கார்த்தால எழுந்ததும் அம்மா கேப்பா, ஏட்டி, இன்னிக்கு என்ன தளிகை பண்ணட்டும்னு. அம்புட்டுதான். அதுக்கு மேல நாங்க ஒண்ணும் பெருசா பேசிண்டதில்லை. இப்போ அதக் கேக்க ஆளில்லை."

நான் "லைன் ஓகே" என்று எழுதிவிட்டு வைத்தேன். வேறு என்ன செய்வது? தளிகை என்றால் அவர்கள் வீட்டில் சமையல் என்று எனக்குத் தெரியும். வைணவ வீடுகளுக்கு என் வாப்பா மளிகை கொண்டுபோய்ப் போட்டவர். ரசத்தை அவர்கள் சாத்தமுது என்பதும் எனக்குக் காதில் விழுந்ததுதான். ஆனால் நாள் முழுக்க அந்தச் சொல் என் ஹெட்செட்டுக்குள் இருந்தது. மறுநாள் காலையில் லைனைச் சோதிக்கும்போது நான் எண்ணவில்லை. "வில்லிபுத்தூர், கேக்குதா? இன்னைக்கு என்ன தளிகை?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. செத்தவர் இடத்தில் நின்று கேட்டுவிட்டோமே, அதுவும் அந்த வீட்டுப் பேச்சில், நாம் யார் என்று நினைத்தேன். பிறகு அவர் சொன்னார்: "சாத்தமுது. அப்பளம் சுட்டேன். ஒருத்திக்கு எம்புட்டு வேணும்?" பிறகு, "உங்காத்துல என்ன தளிகை?" என்றார்.

"எங்க வீட்ல அப்படிக் கேக்க மாட்டோம். குழம்பை ஆணம்னு சொல்லுவோம். பசியாறிட்டியளா, என்ன ஆணம்னு கேப்போம்" என்றேன்.

அடுத்த நாள் எனக்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார். "ராஜபாளையம், கேக்கறதா? பசியாறிட்டேளா? இன்னிக்கு என்ன ஆணம்?"

எங்கள் வீட்டுச் சொல்லை எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் ஆணம் என்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்கு ஆளாகி, குழம்பு என்று சொல்லப் பழகிக்கொண்டவன் நான். வெளியில் அத்தனை பேரும் அப்படித்தானே. வீட்டுப் படியை விட்டு இறங்கும்போதே பேச்சையும் மாற்றிக்கொண்டு இறங்குகிறோம். அன்று காலையில் "கத்திரிக்காய் ஆணம்" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். கத்திரிக்காயை யாராவது இரண்டு தடவை சொல்வார்களா என்று நீங்கள் சிரிக்கலாம்.

அதன் பிறகு எங்கள் லைனில் எண்ணும் வழக்கம் நின்றுபோனது. அவர் என் வீட்டுப் பேச்சில் கேட்பார், நான் அவர் வீட்டுப் பேச்சில் கேட்பேன். பதில் மட்டும் அவரவர் பேச்சில். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. ஏகாதசியன்று மட்டும் எனக்குச் சங்கடம். எங்கள் வீட்டில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த அம்மாவோ பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். "முருங்கைக்காய் ஆணம்" என்று சொல்லிவைப்பேன். "பொய் சொல்றேள் ராஜபாளையம். வாசனை இங்க வரைக்கும் வர்றது" என்று சிரிப்பார். அவர் சிரித்துக் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நான் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வில்லிபுத்தூரில் அவருக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டார். லைன் டெஸ்டா, சமையல் குறிப்பா என்று அவர் அதட்டியது எனக்கே கேட்டது. வேதவல்லி நான் கேட்கும் லைனைக்கூட மூடாமல் பதில் சொன்னார். "சார், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா குரல் வருதான்னு மட்டும்தான் தெரியும். இப்படிப் பேசினா சொல்றது புரியுதான்னும் தெரிஞ்சுரும்." பொதுத் தமிழில், மிகப் பணிவாக. அதிகாரி சிரித்துவிட்டார் போலிருக்கிறது, அப்புறம் சத்தமில்லை. மறுநாள் வேதவல்லி என்னிடம், "நேத்து பயந்துண்டே இருந்தேன். எங்கே எண்ணச் சொல்லிடுவாரோன்னு" என்றார். அவருக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் கேட்கலாம்: வில்லிபுத்தூரில் இல்லாத வைணவ வீடுகளா, கோயிலைச் சுற்றி அத்தனை பேர் அதே தமிழ் பேசுகிறார்களே, இந்த அம்மாவுக்கு ராஜபாளையத்து ராவுத்தர்தான் கிடைத்தாரா? நானும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "அவா தமிழ் வேற, எங்காத்துத் தமிழ் வேற. அம்மா வ. புதுப்பட்டிப் பக்கம் வயக்காட்டு ஜனங்களோட வளர்ந்தவ. 'எம்புட்டு நாழியாயிடுத்து ஏட்டி'ன்னு சொல்லுவா. தெருவுல சிரிப்பா. இது என்ன அரை அய்யங்கார் பாஷைன்னு. எங்கண்ணா டெல்லிக்குப் போன கையோட அத உதறிட்டான். நானும் அம்மாவும் மட்டும் உள்ள வச்சுப் பேசிண்டோம்."

எம்புட்டு என்பது அந்த மண்ணின் பேச்சு. நாழியாயிடுத்து என்பது அந்தத் தெருவின் பேச்சு. இரண்டையும் சேர்த்துச் சொன்னவர்கள் அந்த ஒரு வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் போய்விட்டார். மிச்சமிருந்தவர் என்ன செய்வார் சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் லைன் கொடுத்துக்கொண்டு ஊமையாக வீட்டுக்குப் போனார்.

மொழி எது, வட்டார வழக்கு எது என்று படித்தவர்கள் புத்தகம் எழுதுகிறார்கள். வேதவல்லியிடம் அதற்கு ஒரு ஆபரேட்டர் விளக்கம் இருந்தது. "லைனைக் கொடுத்துட்டு நான் வெளில வந்துட்டாலும் ரெண்டு பேரும் பேசிண்டா ஒரே மொழி. நான் நடுவில நின்னு ஒருத்தர் சொல்றத இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டியிருந்தா ரெண்டு மொழி. இதுக்கு என்னத்துக்குப் பெரிய பெரிய புஸ்தகம்?" அவருக்கு இதில் அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்கும் சரியென்றுதான் பட்டது, அந்தக் குண்டூர் கால் வரும்வரை.

ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். என் கூட்டாளிகளில் பாதிப் பேர் அவர்கள்தான். மில் ஒன்றில் பஞ்சு கொள்முதல் பார்த்த ஒருவர் அந்த வருடம் குண்டூர் வியாபாரியோடு நேரடியாகப் பேசிவிடுவது என்று முடிவு செய்தார். முதலாளியிடம், நம்ம பாஷைதானே, ஏஜென்ட் எதற்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். லைன் கிடைத்தது. இவர் தெலுங்கில் ஆரம்பித்தார். அவரும் தெலுங்கில் பதில் சொன்னார். இவர் புரியாமல், என்ன என்பதற்கு "ஏமி?" என்றார். அவரும் "ஏமி?" என்றார். ஒரு காலுக்குக் கொடுத்த மூன்று நிமிடமும் இருவரும் மாறி மாறி அதையே கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தப் பக்கத்துக்காரர் பொறுமை இழந்து, நீங்கள் பேசுவது அரவமா என்று கேட்டுவிட்டார். அரவம் என்றால் அவர்கள் ஊரில் தமிழ்.

நம் பஞ்சுக்காரர் ரிசீவரை வைத்துவிட்டு எக்ஸ்சேஞ்சுக்கே நடந்து வந்துவிட்டார். முகம் சரியில்லை. "ஏ மைதீனு, எங்க வீட்ல எம்புட்டு காலமா இதத்தான பேசுதோம். இந்த ஊர்ல எங்களைத் தெலுங்குக்காரன்ங்கான். அங்க கேட்டா தமிழ்ங்கான். அப்ப நாங்க பேசுறது என்னதுலே?" என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் இதை வேதவல்லியிடம் சொன்னேன். அவரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அதே வாரம் கொல்லத்து மாம்பழ வியாபாரி ஒருவர் வில்லிபுத்தூர்த் தோப்புக் குத்தகைதாரரோடு பேசினாராம். அவர் மலையாளம், இவர் தமிழ். லைனைக் கொடுத்துவிட்டு, உதவ வேண்டியிருக்கும் என்று வேதவல்லி காத்திருந்திருக்கிறார். ஒன்றும் தேவைப்படவில்லை. இருவரும் விலை பேசி, குடும்பம் விசாரித்து, சிரித்து வைத்துவிட்டார்கள்.

"அப்போ என் கணக்கு தப்பாயிடுத்தே, ராஜபாளையம். ஒரே பேரு சொல்றவா பேசிக்க முடியலை. வேற வேற பேரு சொல்றவா பேசிண்டுட்டா" என்றார். அவருக்கு அது விளையாட்டாக இல்லை. அடுத்தடுத்த காலைகளில் தளிகையையும் ஆணத்தையும் முடித்துவிட்டு அங்கேயே வந்து நிற்பார். ஒருநாள் சொன்னார்: "சிரிக்கறவா பேசறதுக்கு மொழின்னு பேரு. சிரிப்புக்கு ஆளாறவா பேசறதுக்கு வழக்குன்னு பேரு. அந்தப் பஞ்சுக்காரர், நீங்க, நான், மூணு பேரும் ஒரே கட்சி." இன்னொரு நாள் சொன்னது என்னைவிட்டு இன்றுவரை போகவில்லை. "எந்தப் பேச்சானாலும் ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் சொல்லணும். ஒருத்தர் மட்டும் வச்சுண்டிருந்தா அது பேச்சு இல்லை. ஞாபகம்."

நேரில் நாங்கள் பார்த்துக்கொண்டது அபூர்வம். ஓர் ஆடிப்பூரத் தேருக்கு வில்லிபுத்தூர் போயிருந்தேன், மனைவி பிள்ளைகளோடு. செல்லம்மாதான் காட்டினார்: அதோ வேதா அக்கா. வெள்ளை ரவிக்கை, கையில் குடை, நெட்டையான ஒரு அம்மா. என் மனதில் இருந்த உருவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அருகே போய் என் பெயரைச் சொன்னேன். "வாங்க, நல்லா இருக்கீங்களா? குழந்தைங்க என்ன படிக்கிறாங்க?" என்றார். "நல்லா இருக்கேங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றேன். வெயில் அதிகம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். தேரும் கூட்டமும் எங்களைப் பிரித்துவிட்டன. மறுநாள் லைனில், "நேத்து நேக்குப் பேச்சே வரலை. ரெண்டு பேரும் தாசில்தார் ஆபீஸ்ல நிக்கற மாதிரின்னா நின்னோம்!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "போகட்டும். பசியாறிட்டேளா?" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் ஊர்களுக்கு, ஆபரேட்டர் இல்லாமலே லைன் கொடுக்கும் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. அன்று நாம் எல்லோரும் பால்கோவா தின்றோம். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்துகள் திறந்தன. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் கூப்பிடலாம் என்று பேப்பரில் போட்டார்கள். பழைய போர்டின் கடைசிக் காலையில் வழக்கம்போல் லைனைச் சோதித்தோம். அவர் வீட்டில் அன்று வாழைக்காய் கரமது. பொரியலை அப்படித்தான் சொல்வார். எங்கள் வீட்டில் பருப்பு ஆணம்.

"நாளைலேர்ந்து மெஷினை மெஷினே டெஸ்ட் பண்ணிக்குமாம். அதுக்கு ஏது தளிகை?" என்றார்.

"இனி நேராவே போன் பண்ணலாமே, வில்லிபுத்தூர்" என்றேன்.

"என்னன்னு சொல்லிப் பண்றது, ராஜபாளையம்?"

கல்யாணமாகாத ஒரு வைணவ அம்மா. பிள்ளைகுட்டிக்காரனான ஒரு துலுக்கன். தினம் காலையில் என்ன சமையல் என்று கேட்க எந்த ஊரில் போன் போடுவார்கள்? போர்டில் இருந்தபோது அது வேலை. லைன் டெஸ்ட் என்ற பெயர் அதற்கு இருந்தது. அந்தப் பெயர் போனதும் அதைச் செய்ய எங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. அவர் லைனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் வந்து என் பிளக்கைப் பிடுங்கினார்.

வேதவல்லியை டிரங்கிலிருந்து பில் பகுதிக்கு மாற்றினார்கள். என்னை ஸ்டோருக்கு. ஒரு பெருநாளன்று துணிந்து அவர் ஆபீசுக்குப் போன் போட்டேன். அவரே எடுத்தார். "ஹலோ, யார் பேசறது?" என்றார். அந்த ஊரில்லாக் குரல். பெயரைச் சொன்னேன். "ஓ, மைதீன் சார்! பெருநாள் வாழ்த்துகள். வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காங்களா?" என்றார். "இருக்காங்க மேடம். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றேன். மேடம் என்ற சொல் எங்கிருந்து வந்து என் வாயில் விழுந்ததோ! அவர் பின்னால் யாரோ நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்திலும் ஆள் இருந்தது. தமிழும் தமிழும்தான் பேசினோம், லைன் துல்லியமாக இருந்தது, ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு எங்களுக்கு நடுவில் ஒரு ஆபரேட்டர் தேவைப்பட்டார்.

அதன் பிறகு போன் போடவில்லை, அவரும் போடவில்லை. வருடங்கள் போயின. அவர் ஓய்வுபெற்றார், நானும் பெற்றேன். காலையில் அந்த நேரம் வரும்போது மட்டும் காது எதையோ எதிர்பார்க்கும். வீட்டில் மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் நான் தனியாக இருப்பதாகத் தோன்றும். அவருக்கு இருபத்துநாலு மணி நேரமும் அப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்து நிறைய நாள் சோறு இறங்கியதில்லை.

செல்லம்மா சொன்ன மறுநாள் பஸ் ஏறினேன். மொட்டமலை தாண்டினால் வில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா என்று அன்று பார்த்தபோது கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்காதீர்கள். வீட்டில் டெல்லி அண்ணன் குடும்பம் இருந்தது. நாற்காலி போட்டார்கள். ராஜபாளையம் டெலிபோன்ஸில் இருந்து கூட வேலை பார்த்தவன் என்றேன். அண்ணன் நல்ல மனிதர். வந்ததற்கு நன்றி சொன்னார். இந்தியும் ஆங்கிலமும் கலந்த தமிழ், யாரையும் சிரிக்க வைக்காத தமிழ். அவருடைய மகள், இருபத்தைந்து வயதிருக்கும், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ராஜபாளையம் என்று காதில் விழுந்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அங்கிள், உங்களை ஒண்ணு கேக்கலாமா? கடைசி ரெண்டு வாரம் நான்தான் அத்தைகூட இருந்தேன். யாரோடயும் பேசலை. கார்த்தால கண் முழிச்சதும் மட்டும், 'ராஜபாளையம், கேக்கறதா? இன்னிக்கு என்ன ஆணம்?'னு கேப்பா. பதிலுக்கு வெயிட் பண்ணிட்டு, திரும்பி படுத்துப்பா. ஆணம்னா என்ன? அப்பாக்கும் தெரியலை. டாக்டர் பிதற்றல்னு சொல்லிட்டார்."

"குழம்பும்மா. ஆணம்னா குழம்பு" என்றேன்.

"அது எந்த லாங்குவேஜ்?"

"தமிழ்தான்."

"எங்க தமிழ்ல இல்லையே?"

"எங்க வீட்டுத் தமிழ்மா" என்றேன். அதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது. அந்தப் பெண் என் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எப்படி அத்தைக்குத் தெரியும் என்று கேட்கவில்லை. புத்திசாலிப் பெண். "அவ கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்றுதான் கேட்டாள்.

அன்று காலை எங்கள் வீட்டில் முருங்கைக்காய் ஆணம். இந்தத் தடவை பொய்யில்லை. அதைச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, உள்ளே படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்க வேண்டியதையும் கேட்டுவிட நினைத்தேன். இன்னைக்கு என்ன தளிகை? வாய்வரை வந்தது. அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. சொல்லுக்குப் பதில் சொல்லவும் ஆளில்லை. வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

நண்பர்களே, வேதவல்லி எனக்கு விட்டுப்போனது பொருள் எதுவுமில்லை, ஒரு பேச்சு. ஒரு அம்மாவும் மகளும் பேசி, தெருவுக்குப் பயந்து உள்ளே வைத்துக்கொண்ட பேச்சு. அது அவர் அண்ணனிடம் இல்லை, அந்த நல்ல பெண்ணிடம் இல்லை. பத்து வருடக் காலைகளில் ஒரு கம்பி வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்து என்னிடம் சேர்ந்திருக்கிறது. வீட்டு ஆளாக இல்லாதவன் கையில் வீட்டுச் சாவி இருப்பதுபோல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தோம். மனைவி இன்னும் வரவில்லை. வாசலில் நின்றபடி, "எம்புட்டு நாழியாயிடுத்து!" என்றேன். என்னை அறியாமல் வந்ததுதான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள்.

"இது எந்த ஊருப் பேச்சுங்க?"

"வில்லிபுத்தூர்ப் பேச்சு."

"வில்லிபுத்தூர்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்களே."

"ஆமா" என்றேன். "இப்ப யாரும் பேச மாட்டாங்க."